வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வீடு

இரவு மணி ஒன்பதரை. சாப்பாட்டுக் கடை முடிந்து, அடுப்படியைத் துடைத்து, காலைக்கு வேண்டிய காய்கறியையும் நறுக்கி மூடிவைத்துவிட்டு நீங்கள் கூடத்துக்கு வருகிறீர்கள். உங்கள் பெண் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். விரல்கள் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கின்றன. முகத்தில் சிரிப்பு. அடுத்த நிமிஷமே சிரிப்பு மறைகிறது. கண்ணில் நீர் தளும்புகிறது.

"என்னடி ஆச்சு?" என்று பதறிப் போய்க் கேட்கிறீர்கள்.

"ஒண்ணுமில்லேம்மா. எங்க ராஜ்யத்திலே மந்திரியைப் பிடிச்சுச் சிறையிலே போட்டுட்டாங்க!"

"எந்த ராஜ்யம்? யாரு மந்திரி?"

"நான்தாம்மா மந்திரி!"

பயப்படாதீர்கள். உங்கள் பெண்ணுக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. அவள் ஒரு கதைக் கோஷ்டியில் சேர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் இன்டர்நெட் வழியாக ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தி மந்திரி, ஒருவன் கொள்ளைக்காரன், இன்னொருத்தி சத்திரத்துக் கிழவி. கதையை யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை. மந்திரி ஒரு பாரா எழுதுவாள். அதைப் படித்துவிட்டுக் கொள்ளைக்காரன் பதில் எழுதுவான். இடையிலே கிழவி ஒரு வார்த்தை சொல்லுவாள். இப்படிக் கை மாறி மாறிக் கதை வளர்ந்துகொண்டே போகும். முடிவு இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது.

வாராவாரம் தொடர்கதை படிக்கிற நமக்கு, 'அடுத்த வாரம் என்ன ஆகுமோ?' என்கிற தவிப்பு நன்றாகத் தெரியும். அந்தத் தவிப்போடு, அடுத்த அத்தியாயத்தை நாமே எழுதலாம் என்கிற அதிகாரமும் சேர்ந்துவிட்டால்? அதுதான் இந்த விளையாட்டின் ருசி.

சிறு வயதில் சொப்பு வைத்து விளையாடியவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தோன்றாது. "நீ அம்மா, நான் டீச்சர்" என்று ஆரம்பிப்போம். சோறு பொங்குவோம், பள்ளிக்கூடம் நடத்துவோம். திடீரென்று ஒருத்தி, "எப்பப் பார்த்தாலும் நீயே டீச்சரா? நான் வரலே போ!" என்று சொப்பையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடுவாள். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அந்தச் சண்டைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கதை எழுத நாலு பேரைக் கூட்டுவது சுலபம். கூடினவர்கள் மனம் நோகாமல், கதையும் அறுந்து போகாமல் கட்டிக் காப்பதுதான் பிரம்மப் பிரயத்தனம். உங்கள் பெண்ணோ, ஏன், நீங்களோ அப்படி ஒரு கோஷ்டியை நடத்த முன்வந்தால், முன்னால் நடத்திப் பார்த்தவர்களுடைய அனுபவத்தைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

வார்த்தைகளால் கட்டிய வீடு

இது நேற்று முளைத்த விளையாட்டல்ல. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களை வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் அது. 1978-ல் இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலை மாணவர் ராய் ட்ரப்ஷா என்பவர் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓர் உலகத்தைச் சிருஷ்டிக்கத் தொடங்கினார். அவருடைய சகமாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை மேலும் வளர்த்தார். 'மட்' என்று அதற்குப் பெயர். அதில் படம் கிடையாது; வர்ணம் கிடையாது; சங்கீதம் கிடையாது. எல்லாம் வெறும் எழுத்து. ஆனாலும், 'நீ ஒரு காட்டுப் பாதையில் நிற்கிறாய்' என்று திரையில் ஒரு வரி வந்தால், அதைப் படித்தவர்கள் நிஜமாகவே காட்டில் நின்றார்கள்!

அந்தப் பரம்பரையில் வந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 'லாம்ப்டாமூ' என்று அதன் பெயர். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகரத்தில் உள்ள ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 1990-ல் அதைத் தொடங்கினார். தாம் குடியிருந்த வீட்டையே மாதிரியாக வைத்துக்கொண்டு, வார்த்தைகளாலேயே ஒரு வீடு கட்டினார். வருகிறவர்கள் முதலில் கோட்டு மாட்டி வைக்கும் இருட்டு அறைக்குள் வந்து நிற்பார்கள். கதவைத் திறந்தால் கூடம். கூடத்தில் ஒரு கொண்டைக்கிளி. காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் தமக்குப் பிடித்த பெயரையும் உருவத்தையும் பூண்டுகொள்ளலாம். வீட்டை ஒட்டிப் புதிய அறைகளும் கட்டிக்கொள்ளலாம். வாடகை கிடையாது.

1991-ல் அந்த வீடு வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஆள் மேல் ஆளாக வந்து சேர்ந்தார்கள். கர்ட்டிஸும், அவருக்கு உதவியாக இருந்த சிலரும் 'மந்திரவாதிகள்' என்று அழைக்கப்பட்டார்கள். யந்திரம் கெட்டுப் போனால் பழுது பார்ப்பதும் அவர்கள்தான். யாராவது சச்சரவு செய்தால் பஞ்சாயத்துப் பண்ணுவதும் அவர்கள்தான்.

ஆளும் பெருகிச் சண்டையும் பெருகினால் பஞ்சாயத்துக்காரர் கதி என்னவாகும்? மந்திரவாதிகள் களைத்துப் போனார்கள். 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதன் சாராம்சம் இதுதான்: 'இனிமேல் யந்திரத்தை மட்டுந்தான் நாங்கள் கவனிப்போம். உங்களுக்குள் வருகிற தகராறுகளை நீங்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்.'

நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். அடுத்த வருஷமே அதற்குச் சோதனை வந்தது.

கூடத்தில் நடந்த கொடுமை

1993-ல் ஓர் இரவு. கூடத்தில் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். 'மிஸ்டர் பங்கிள்' என்ற பெயரில் ஒருவன் அங்கே வந்தான். அவனிடம் ஒரு சூனியப் பொம்மை இருந்தது. பிறருடைய பாத்திரம் அவர்கள் விருப்பப்படி அல்லாமல், தான் நினைத்தபடியெல்லாம் நடந்துகொள்வதாகத் திரையில் எழுத்தை வரவழைக்கும் தந்திரம் அது. அதைக் கொண்டு, அங்கே இருந்த சில பாத்திரங்களுக்கு எழுதக் கூசுகிற அவமானங்களை எல்லோருக்கும் முன்னால் அவன் இழைத்தான். அவர்கள் கத்தினார்கள், அவன் நிறுத்தவில்லை. கடைசியில் வேறோர் ஆட்டக்காரர் வந்து, தம்முடைய தந்திரத்தால் அவனைக் கூண்டில் அடைத்த பிறகுதான் அது ஓய்ந்தது.

"வெறும் எழுத்துத்தானே? யாரை யார் தொட்டார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கும் பலர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அந்த அவமானத்துக்கு ஆளான பெண்மணி ஒருவர், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து, அதைப் பற்றி எழுதும்போதே கண்ணீர் விட்டு அழுதார். இது கதைக் கண்ணீரல்ல, நிஜக் கண்ணீர். தொடர்கதையில் கதாநாயகி படும் பாட்டைப் படித்து அழுகிற நமக்கு இது புரியாதா? இங்கே கதாநாயகியும் அவர்தான், படித்தவரும் அவர்தான். எழுதிய கை மட்டும் வேறொருவனுடையது.

மறுநாளிலிருந்து வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அவனை வெளியேற்ற வேண்டும் என்றார்கள் பலர். யார் வெளியேற்றுவது? அந்த அதிகாரம் மந்திரவாதிகளிடம் மட்டுமே இருந்தது. அவர்களோ தகராறில் தலையிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்! ஒரு கூட்டம் கூட்டினார்கள். மணிக்கணக்கில் விவாதித்தார்கள். மிஸ்டர் பங்கிளும் ஒன்றும் நடவாததுபோல் அங்கே வந்து நின்றான். கூட்டம் ஒரு தீர்மானத்துக்கும் வராமலே கலைந்தது. அன்று இரவு, அங்கே இருந்த மந்திரவாதி ஒருவர் தனியாக யோசித்து, யாரையும் கேட்காமல், அந்தப் பாத்திரத்தை அடியோடு அழித்துவிட்டார். சில நாளில் அந்த ஆசாமி வேறொரு பெயரில் திரும்பி வந்தான் என்பது வேறு கதை.

ஜூலியன் டிப்பெல் என்ற பத்திரிகையாளர் இந்தச் சம்பவத்தை 1993 டிசம்பரில் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் விரிவாக எழுதினார். உலகமெங்கும் அது பேச்சாகிவிட்டது.

வெளியூர் போயிருந்த கர்ட்டிஸ் திரும்பி வந்து பார்த்தார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம், போதிய கையெழுத்துச் சேர்ந்தால் எல்லோரும் வோட்டுப் போடலாம் என்று ஏற்பாடு செய்தார். அந்த வீட்டில் ஜனநாயகம் பிறந்தது. அத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்று வருஷம் கழித்து, 1996-ல், மந்திரவாதிகள் இன்னோர் அறிவிப்பு வெளியிட்டார்கள். யந்திர வேலை வேறு, மனிதர்கள் விவகாரம் வேறு என்று தாங்கள் போட்ட கோடு நிற்கவில்லை. இரண்டையும் பிரிக்க முடியாது. தாங்கள் விலகி நிற்பதாகச் சொல்லிக்கொண்டது நடக்கிற காரியமல்ல என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்தக் கதையை இவ்வளவு விவரமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வீட்டுச் சாவி யாருடைய இடுப்பில் தொங்குகிறதோ, அவள்தான் வீட்டுக்கு எஜமானி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல முடியாது. சிறு கோஷ்டி நடத்துகிறவள் முதல் நாளே இதை மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 'எல்லோரும் நல்லவர்கள்தானே, தானாக நடக்கும்' என்று விட்டுவிட்டால், கஷ்டப்படுகிறவள் மந்திரவாதி அல்ல; கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்.

முதலில் ஓர் அறை போதும்

சரி, ஆரம்பிப்பது எப்படி?

2015-ல் தோன்றிய 'டிஸ்கார்ட்' போன்ற இடங்களில் இன்றைக்கு ஒரு காசு செலவில்லாமல் ஒரு கோஷ்டி தொடங்கிவிடலாம். பத்து நிமிஷத்தில் ஐம்பது அறைகள் திறக்கலாம். அரண்மனை, அந்தப்புரம், சந்தை, சுடுகாடு என்று ஆளுக்கொரு பெயரும் வைக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறே இதுதான். ஆறு பேருக்கு ஐம்பது அறை எதற்கு? கல்யாண மண்டபத்தில் ஆறு பேருக்கு இலை போட்டாற்போல் இருக்கும். எட்டிப் பார்க்கிறவர்கள், 'இங்கே யாருமே இல்லையே' என்று திரும்பிப் போய்விடுவார்கள். கதை நடக்க ஓர் அறை. கதைக்கு வெளியே சொந்தப் பெயரில் பேச ஓர் அறை. விதிகள் எழுதி ஒட்ட ஒரு சுவர். இவ்வளவு போதும். நெரிசல் வந்த பிறகு சுவரை இடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

கதையையும் முழுவதும் முன்கூட்டியே யோசித்து வைக்காதீர்கள். இதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1986-ல் அமெரிக்காவில் லூகாஸ்பிலிம் கம்பெனியார் 'ஹாபிடாட்' என்ற உலகத்தைச் சோதனையாக நடத்தினார்கள். டெலிபோன் கம்பி வழியாக, கமோடோர் 64 என்ற சிறு கம்ப்யூட்டரில் ஆடும் பொம்மைப்பட ஊர் அது. அதை அமைத்த சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவரும் தங்கள் அனுபவத்தை 1990-ல் எழுதியிருக்கிறார்கள்.

ஆட்டக்காரர்களைச் சந்தோஷப்படுத்த ஒரு புதையல் வேட்டைக்கு ஏற்பாடு செய்தார்களாம். நூறு பகுதிகள் கொண்ட ஒரு தீவை வாரக் கணக்கில் உழைத்து உருவாக்கினார்கள். ஜனங்கள் பல நாள் தேடி அலைவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது என்ன? ஒருவர் முதல் பதினைந்து நிமிஷத்திலேயே முக்கியமான துப்பைக் கண்டுபிடித்துவிட்டார். சுமார் எட்டு மணி நேரத்தில் வேட்டை முடிந்தே போய்விட்டது! மற்றவர்களில் பல பேருக்கு ஆட்டத்தில் இறங்கவே சமயம் கிடைக்கவில்லை. விருந்து முழுவதையும் முதல் பந்தியில் ஒருவரே சாப்பிட்டுவிட்டது போலத்தான்!

ஆகையால், வந்தவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து அந்தப் பக்கம் பாதை போடுவதே புத்திசாலித்தனம். சத்திரத்துக் கிழவிக்குக் காணாமல் போன பேரன் ஒருவன் உண்டு என்று யாரோ போகிற போக்கில் எழுதினால், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கதை அதில் இருக்கிறது.

புதிதாக வந்தவளை வாசலில் நிற்க வைக்காதீர்கள். அவள் எழுதிய முதல் பாராவுக்கு ஒரு நாளைக்குள் யாராவது பதில் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதாவிட்டால் நடத்துகிறவளே எழுத வேண்டும். பதில் வராத முதல் பாரா, 'வாருங்கள்' என்று சொல்லாத வீடு. அங்கே யார் இரண்டாம் முறை வருவார்கள்?

நாலு ஜாதிச் சீட்டு

மட் விளையாட்டை வளர்த்தவர் என்று முன்னால் சொன்னேனே, அந்த ரிச்சர்ட் பார்ட்டில், 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த உலகங்களுக்கு வருகிறவர்களைச் சீட்டுக்கட்டுப்போல் நாலு ஜாதியாக அதில் பிரித்திருக்கிறார்.

டைமன் ஜாதிக்காரர்கள் பொன்னும் பட்டமும் சேர்க்க வருகிறவர்கள். இஸ்பேடுக்கு ஆங்கிலத்தில் மண்வெட்டி என்று பொருள். இந்த ஜாதியார் மூலை முடுக்கெல்லாம் தோண்டிப் பார்க்க வருகிறவர்கள். ஆட்டின், அதாவது இருதயம், நாலு பேரோடு பேசிப் பழக வருகிறவர்கள். கிளாவருக்கு ஆங்கிலத்தில் தடி என்று பெயர். பிறரை அடித்துப் பார்க்க வருகிறவர்கள் இவர்கள்!

ஒரு கட்டில் நாலும் இருக்கத்தான் வேண்டும். கொள்ளைக்காரனே இல்லாத கதையில் என்ன சுவாரஸ்யம்? ஆனால் தடிக்காரர்கள் மிகுந்து போனால் இருதயக்காரர்கள் வெளியேறிவிடுவார்கள் என்கிறார் பார்ட்டில். அவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒரு நாள் வராமல் இருப்பார்கள். பிறகு என்றைக்கும் வர மாட்டார்கள். சத்தம் போடுகிறவனை எல்லோரும் கவனிப்போம். சத்தமில்லாமல் நின்றுபோனவளைக் கவனிக்கிறவள்தான் நல்ல நடத்துனர். 'உங்களை இரண்டு வாரமாகக் காணோமே, சௌக்கியமா?' என்று தனியாக ஒரு வரி எழுதிப் பாருங்கள். என்ன நடந்தது என்ற உண்மை அப்போதுதான் வெளிவரும்.

சுவரில் ஒட்ட நாலு விதி

விதிகள் குறைவாக இருக்கட்டும்; ஆனால் எழுத்தில் இருக்கட்டும். சண்டை வந்த பிறகு எழுதுகிற விதி, எதிரியைப் பார்த்து எழுதியது போலவே தோன்றும். நாலு விதி முக்கியம்.

முதல் விதி: உன் பாத்திரத்தை மட்டும் நீ நடத்து. 'நான் வாளை ஓங்கினேன்' என்று எழுதலாம். 'அவள் தலை உருண்டது' என்று எழுதக் கூடாது. தலை உருண்டதா, தப்பியதா என்று அந்தத் தலைக்குச் சொந்தக்காரிதான் எழுத வேண்டும். மிஸ்டர் பங்கிள் மீறியது இந்த ஒரு தர்மத்தைத்தான்.

இரண்டாவது: பாத்திரம் வேறு, ஆள் வேறு. கதையில் கொள்ளைக்காரன் மந்திரியை வையலாம். கதைக்கு வெளியே அவளோடு மரியாதையாகப் பேச வேண்டும். கதையில் காதல் வந்தால் அது கதையோடு சரி. அதைச் சாக்கிட்டு நிஜப் பெயர், விலாசம், போட்டோ கேட்கக் கூடாது. கேட்கிறவனுக்கு அந்த வீட்டில் இடமில்லை.

மூன்றாவது: நிறுத்து என்றால் நிறுத்து. மேஜையைச் சுற்றி ஆடுகிறவர்களுக்காக ஜான் ஸ்டாவ்ரோபோலோஸ் என்பவர் ஓர் எளிய யுக்தி கண்டுபிடித்தார். பெருக்கல் குறி போட்ட ஒரு சீட்டு மேஜை நடுவில் இருக்கும். கதை போகிற போக்கு யாருக்காவது பொறுக்கவில்லையென்றால் அந்தச் சீட்டைத் தொடலாம். உடனே அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. உங்கள் கோஷ்டியிலும் அப்படி ஒரு சொல்லையோ குறியையோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் தன் சொந்தத் துயரத்தைப் பத்துப் பேருக்கு விளக்கிச் சொன்னால்தான் விடுதலை என்று வைப்பது தர்மமல்ல.

நாலாவது: வயது. டிஸ்கார்டில் 13 வயது நிரம்பாதவர்கள் சேரக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் விதி. அதற்கு மேலும் உங்கள் கோஷ்டி பெரியவர்களுக்கா, பிள்ளைகளுக்கா என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள்.

சண்டை வரும் நாள்

எத்தனை விதி போட்டாலும் சண்டை வரத்தான் செய்யும். ஹாபிடாட் ஊரிலும் திருட்டும் கொலையும் தலையெடுத்தன. 'கொலை இங்கே குற்றமா, வேடிக்கையா?' என்று ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார்கள். சரிபாதிப் பேர் குற்றம் என்றார்கள். மறுபாதி விளையாட்டின் பகுதி என்றார்கள்! கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். ஊருக்குள்ளே ஆயுதத்துக்கும் திருட்டுக்கும் இடமில்லை. ஊருக்கு வெளியே காட்டுக்குப் போகிறவர்கள் அபாயம் தெரிந்து போகலாம். எவ்வளவு அழகான தீர்ப்பு பாருங்கள்! சண்டைப் பிரியர்களுக்குக் காடு. சாந்தப் பிரியர்களுக்கு ஊர். உங்கள் கோஷ்டியிலும் யுத்தத்துக்கு ஓர் அறை, சத்திரத்துக்கு ஓர் அறை என்று பிரித்துவிட்டால் பாதி மனஸ்தாபம் தீரும்.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது? முதலில் தனியாக ஒரு வார்த்தை. எல்லோர் முன்னாலும் கண்டித்தால், தப்பை உணர்கிற மனிதனும் வீறாப்புக்காக எதிர்த்து நிற்பான். இன்ன தேதியில், இன்ன வரி, இன்ன விதிக்கு விரோதம் என்று எழுதியதைக் காட்டிப் பேசுங்கள். 'நீ மோசம்' என்று சொல்லாதீர்கள். 'இந்த வரி மோசம்' என்று சொல்லுங்கள். மறுபடியும் செய்தால் சில நாள் ஒதுக்கி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அனுப்பிவிடுங்கள். அனுப்பின பிறகு அவனைப் பற்றி வம்பு பேசாதீர்கள். 'விதியை மீறினார், போய்விட்டார்' என்று ஒரு வரி சொன்னால் போதும்.

ஆனால் சில காரியங்களுக்கு இந்தப் படிகளெல்லாம் கிடையாது. சிறுமியிடம் தகாத பேச்சு, மிரட்டல், ஒருவருடைய விலாசத்தை அம்பலப்படுத்துவது, மிஸ்டர் பங்கிள் செய்தது போன்ற அக்கிரமம் இவற்றுக்கு முதல் எச்சரிக்கையே கடைசி எச்சரிக்கை. அவன் எழுதியதைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அந்த நிமிஷமே வெளியேற்றுங்கள். கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். அவசியமானால் போலீசுக்கும் போங்கள். கூட்டம் போட்டு விவாதிப்பதெல்லாம் அப்புறம்.

இன்னொரு சங்கடம் உண்டு. தப்புச் செய்தவர் உங்கள் சிநேகிதியாகவே இருந்துவிட்டால்? கோஷ்டி முழுவதும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று நீங்கள் சொல்லுகிற ஒரு வார்த்தையில்தான் அந்த வீடு நிற்பதும் விழுவதும் இருக்கிறது. இதற்காகத்தான் ஆரம்பத்திலேயே நிதானபுத்தியுள்ள ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது. உங்களுக்கு வேண்டியவர் விஷயத்தை அவர் விசாரிக்கட்டும். அவருக்கு வேண்டியவர் விஷயத்தை நீங்கள் விசாரியுங்கள். உங்களுக்கு ஜுரம் வந்தாலும், பரீட்சை வந்தாலும், வீட்டில் விசேஷம் வந்தாலும் சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருப்பார். மந்திரவாதிகள் களைத்துப் போனதைத்தான் பார்த்தோமே!

என்றைக்காவது ஒரு நாள் கதை முடியும். எல்லோருக்கும் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆகும். அப்போது சொல்லாமல் கொள்ளாமல் விளக்கை அணைத்துவிடாதீர்கள். ஒரு மாதம் முன்னால் தெரிவியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கடைசியாக ஒரு பாரா எழுத அவகாசம் கொடுங்கள். நல்ல தொடர்கதைக்கு 'முற்றும்' போடுகிற பாக்கியம் வேண்டும்.

அடுத்த தடவை கேட்க வேண்டியது

மறுபடியும் உங்கள் கூடத்துக்கு வருவோம். மணி பத்தாகிறது. பெண் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள். "போதும், மூடி வை!" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நாளைக்குக் காலேஜ் இருக்கிறதே! ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று கேள்வி கேளுங்கள்: "உங்க ராஜ்யத்துக்கு விதி என்ன? மீறினால் யாரு கேட்பாங்க? உனக்குப் பிடிக்காதது நடந்தா நிறுத்தச் சொல்ல முடியுமா?"

மூன்றுக்கும் அவள் சட்டென்று பதில் சொன்னால், நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். அவள் நல்ல வீட்டில்தான் இருக்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அந்த வீட்டுக்கு இன்னும் எஜமானி கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒருவேளை உங்கள் பெண்ணே அந்தச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியவளாக இருக்கலாம்.

மந்திரி எப்படியும் சிறையிலிருந்து தப்பிவிடுவாள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சத்திரத்துக் கிழவியிடம் மாற்றுச் சாவி இருக்கிறதாம். உங்கள் பெண் காதோடு சொன்னாள்!